எபிரேய வேதத்தில் செழிப்பும் உடன்படிக்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்புகளில் பழைய ஏற்பாட்டின் ஆசீர்வாதப் பகுதிகளை எடுக்கும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களே திரும்பத் திரும்ப எழுகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். யூதர்களின் திருமறையாகவும் கிறிஸ்தவர்களின் பழைய ஏற்பாடாகவும் விளங்கும் எபிரேய வேதத்தை அதன் காலத்திலும் மண்ணிலும் வைத்து வாசிப்பதே இப்பதில்களின் நோக்கம். வேதாகமத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. பாதிச் சந்தேகங்கள் அடுத்த வசனத்தை வாசித்தாலே தீர்ந்துவிடுகின்றன.

உடன்படிக்கை என்றால் தேவன் கொடுத்த வாக்குத்தத்தம்தானே? அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது?

வாக்குத்தத்தம் உடன்படிக்கையின் ஒரு பகுதி மட்டுமே. யார் யாருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார், மீறினால் என்ன நேரும், அதற்குச் சாட்சி யார் என்பவை எல்லாம் சேர்ந்ததே உடன்படிக்கை. மனிதர் மனிதரோடும் அதைச் செய்துகொண்டார்கள். லாபானும் யாக்கோபும் கற்குவியல் ஒன்றைச் சாட்சியாக வைத்துச் செய்த உடன்படிக்கை ஆதியாகமம் 31இல் இருக்கிறது. தேவன் செய்தவை என்று பார்த்தால் நோவாவோடும் சகல உயிர்களோடும் செய்தது (ஆதியாகமம் 9), ஆபிரகாமோடு செய்தது (ஆதியாகமம் 15, 17), சீனாயில் இஸ்ரவேல் மக்களோடு செய்தது (யாத்திராகமம் 19 முதல் 24 வரை), தாவீதின் வீட்டாரைக் குறித்தது (2 சாமுவேல் 7) ஆகியவை முக்கியமானவை. இவை ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. ஆதியாகமம் 15இல் துண்டிக்கப்பட்ட மிருகங்களின் நடுவே அக்கினி மட்டுமே கடந்துபோகிறது. ஆபிரகாம் அயர்ந்து உறங்குகிறார். சீனாயிலோ மக்கள் வாய்திறந்து சம்மதம் சொல்ல வேண்டியிருந்தது.

சீனாய் உடன்படிக்கையின் அமைப்பு பண்டைய மேற்காசியப் பேரரசர்கள் தங்களுக்கு அடங்கிய சிற்றரசர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களை ஒத்திருக்கிறது. கி.மு. 672இல் அசீரிய மன்னன் எசரத்தோன் தன் வாரிசுரிமைக்காக எழுதுவித்த ஒப்பந்தத்தில், வானம் வெண்கலமாகவும் நிலம் இரும்பாகவும் ஆகும் என்ற சாபம் வருகிறது. உபாகமம் 28:23ஐ வாசித்தவர்களுக்கு அந்த வரி அந்நியமாகத் தோன்றாது. ஆகவே ஆசீர்வாதப் பட்டியலை வாசிக்கும்போது, அது ஓர் ஒப்பந்த ஆவணத்தின் ஒரு பிரிவு என்பதை மறக்கக்கூடாது.

ஆபிரகாமை ஐசுவரியவானாக்குவேன் என்று தேவன் வாக்குக் கொடுத்தாரா?

அழைப்பின் வசனங்களில் (ஆதியாகமம் 12:1-3, 7) இருப்பவை: பெரிய ஜாதி, பெருமைப்படுத்தப்பட்ட பெயர், சந்ததிக்கு ஒரு தேசம், அவருக்குள் பூமியின் வம்சங்களுக்கெல்லாம் ஆசீர்வாதம். வெள்ளி, பொன் என்ற பேச்சே இல்லை. ஆனால் 13:2இல் அவர் மிருகஜீவன்களும் வெள்ளியும் பொன்னும் உடைய சீமானாக நிற்கிறார். பின்னாளில் அவருடைய ஊழியக்காரன் அதைக் கர்த்தரின் ஆசீர்வாதம் என்றே சொல்கிறான் (24:35). எனவே செல்வம் ஆசீர்வாதத்துக்குப் புறம்பானது என்று சொல்லவும் முடியாது.

ஆனால் அந்தச் செல்வம் வந்த வழிகளில் ஒன்று சங்கடமானது. சாராயைத் தன் சகோதரி என்று அவர் சொன்னதால்தான் பார்வோன் ஆடுமாடுகளையும் ஒட்டகங்களையும் வேலைக்காரரையும் கொடுத்தான் (12:16). அடுத்த அதிகாரத்திலேயே மந்தைகள் பெருகியதால் லோத்தின் மேய்ப்பரோடு வாக்குவாதம் வந்து உறவினர் பிரிய நேர்ந்தது. அதற்கு அடுத்த அதிகாரத்தில் சோதோமின் ராஜா கொள்ளைப்பொருளைக் கொடுக்க வந்தபோது, ஒரு சரட்டையோ பாதரட்சையின் வாரையோகூட எடுத்துக்கொள்ளமாட்டேன் என்கிறார். இவன்தான் ஆபிராமை ஐசுவரியவானாக்கினான் என்ற பேச்சுக்கு அவர் இடம் வைக்கவில்லை. வாக்களிக்கப்பட்ட தேசத்தில் அவருக்குச் சொந்தமானதோ சாராளை அடக்கம்பண்ண 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கிய மக்பேலா நிலமும் அதிலிருந்த குகையும் மாத்திரமே (ஆதியாகமம் 23). வாக்குத்தத்தத்தின் மையம் தேசம். அது கைக்கு வராமலே அவர் மரித்தார்.

ஈசாக்கு பஞ்ச காலத்தில் விதைத்து நூறு மடங்கு அறுத்தான். நாமும் காணிக்கையை விதைத்தால் அப்படி அறுக்கலாம் என்கிறார்களே?

ஈசாக்கு விதைத்தது தானியம். விதைத்த இடம் கேரார் நாட்டு நிலம். அங்கே பலிபீடத்தில் வைத்த காணிக்கையோ ஊழியத்துக்குக் கொடுத்த பணமோ இல்லை. விவசாயி ஒருவருக்கு வறண்ட நாட்டில் கிடைத்த அசாதாரண விளைச்சலைக் கர்த்தரின் ஆசீர்வாதம் என்று ஆதியாகமம் 26:12 பதிவுசெய்கிறது.

இதைப் பிரசங்கிப்பவர்கள் பெரும்பாலும் 12ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதன்பின் பெலிஸ்தர் பொறாமைகொண்டு துரவுகளை மண்ணால் தூர்க்கிறார்கள். எங்களைவிட்டுப் போய்விடு என்று அவர்களுடைய ராஜா அபிமெலேக்கு சொல்கிறான். ஏசேக்கு என்ற துரவுக்கும் சித்னா என்ற துரவுக்கும் வழக்கு நடக்கிறது. ரெகொபோத் வந்த பிறகுதான் மூச்சுவிட இடம் கிடைக்கிறது. செழிப்பு அவரை அகதியாக்கியது என்றே அந்த அதிகாரம் சொல்கிறது.

புத்தாண்டு ஆராதனையில் எனக்கு "வாலாக்காமல் தலையாக்குவார்" என்ற வாக்குத்தத்த அட்டை வந்தது. அது எனக்குத்தானே?

உபாகமம் 28:13 யோர்தானைக் கடக்கும் முன் மோவாப் சமவெளியில் நின்ற ஒரு முழு இனத்தை நோக்கிச் சொல்லப்பட்டது. ஒரு வழியாய் வந்த சத்துருக்கள் ஏழு வழியாய் ஓடிப்போவதும், அநேகம் ஜாதிகளுக்குக் கடன் கொடுப்பதும் ஒரு தனிமனிதரின் வேலையையோ வியாபாரத்தையோ பற்றியவை அல்ல. கட்டளைகளுக்குச் செவிகொடுத்தால் என்ற நிபந்தனை முதல் வசனத்திலும் 13ஆம் வசனத்திலும் 14ஆம் வசனத்திலும் வருகிறது. அட்டையில் அதற்கு இடம் இருப்பதில்லை.

அதே அதிகாரத்தின் 44ஆம் வசனம் இந்த வரியை அப்படியே திருப்பிப் போடுகிறது: நடுவிலிருக்கிற அந்நியன் உனக்குக் கடன் கொடுப்பான், அவன் தலையாயிருப்பான், நீ வாலாயிருப்பாய். ஆசீர்வாதங்களுக்கு 14 வசனங்கள், சாபங்களுக்கு 54 வசனங்கள் என்பதே அந்த அதிகாரத்தின் கணக்கு. ஒருவர் அந்த வசனத்தில் ஆறுதல் பெறுவதை நான் மறுக்கவில்லை. ஆனால் 13ஆம் வசனத்தைத் தன்னுடையதென்று எடுத்துக்கொள்பவர் 44ஆம் வசனத்தை மட்டும் பிறருக்கென்று விட்டுவிடுவது நியாயமான வாசிப்பு ஆகாது.

ஆசீர்வாதம் என்றால் எப்போதும் மழை, தானியம், திராட்சரசம், எண்ணெய் என்றே வருகிறதே. பணத்தைப் பற்றி ஏன் அதிகம் இல்லை?

இதற்கு முதல் காரணம் நிலம். எகிப்தில் காலால் நீர் பாய்ச்சினாய், நீ போகும் தேசமோ வானத்து மழைத்தண்ணீரைக் குடிக்கும் தேசம் என்று உபாகமம் 11:10-11 தெளிவாக ஒப்பிடுகிறது. நைல் நதி ஆண்டுதோறும் பெருகி வயலுக்கு வந்தது. யூதேயா, எப்பிராயீம் மலைநாடுகளில் அப்படி ஒரு நதி இல்லை. ஐப்பசி, கார்த்திகை வாக்கில் முன்மாரி பெய்தால்தான் காய்ந்து இறுகிய மண்ணை உழ முடியும். பங்குனி, சித்திரையில் பின்மாரி பெய்தால்தான் கதிர் முற்றும். பின்மாரிக்கும் அடுத்த முன்மாரிக்கும் இடைப்பட்ட கோடையில் ஒரு துளியும் இல்லை. எருசலேமில் ஆண்டுக்கு ஏறத்தாழ 550 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தெற்கே பெயெர்செபாவில் ஏறத்தாழ 200தான். ஒரு பருவம் தவறினால் தானியம் போகும், இரண்டு பருவம் தவறினால் விதைநெல்லைப்போல் காத்துவைத்த கோதுமையும் போகும், மூன்றாவதில் பிள்ளைகள் கடனுக்கு அடிமையாவார்கள். அப்படிப்பட்ட மக்களிடம் "ஏற்ற காலத்தில் மழை" என்று சொல்வதே செழிப்பின் முழு அர்த்தம்.

இரண்டாவது காரணம், அந்த மழையை யார் தருகிறார் என்ற வழக்கு. கானானியரின் பாகால் புயலுக்கும் மழைக்கும் உரிய தெய்வம். 1929 முதல் சிரியக் கடற்கரையில் உகாரித் என்ற பண்டைய நகரில் கிடைத்த களிமண் பலகைகள் அவனை மேகங்களின்மேல் சவாரி செய்பவன் என்று பாடுகின்றன. தீர்க்கதரிசி எலியா, பாகாலை வணங்கிய ராஜா ஆகாபிடம் பனியும் மழையும் பெய்யாது என்று சொன்னது பாகாலின் சொந்தக் களத்திலேயே அவனைச் சந்திப்பதற்கு ஒப்பானது. தானியத்தையும் திராட்சரசத்தையும் எண்ணெயையும் கொடுத்தவர் நானே என்பதை மனைவியாக உருவகிக்கப்பட்ட இஸ்ரவேல் அறியவில்லை என்று ஓசியா 2:8 புலம்புவதும் இதே வழக்கில்தான்.

பணத்தைப் பொறுத்தவரை, வேதத்தின் பெரும்பகுதி பேசும் காலத்தில் நாணயமே இல்லை. வெள்ளி தராசில் நிறுக்கப்பட்டது. ஒரு சேக்கல் ஏறத்தாழ 11 கிராம். யூதேயாவில் நாணயம் அச்சிடப்பட்டது பாரசீகர் காலத்தின் பிற்பகுதியான கி.மு. 4ஆம் நூற்றாண்டில்தான்.

உபாகமம் 8:18இல் ஐசுவரியத்தைச் சம்பாதிக்கும் பெலனை அவரே கொடுக்கிறார் என்று இருக்கிறதே. அது செழிப்புக்கான வாக்குத்தத்தம் இல்லையா?

அது எச்சரிக்கையின் நடுவே வரும் வசனம். முந்தின வசனத்தில், "என் சாமர்த்தியமும் என் கைபெலனும் இதைச் சம்பாதித்தது" என்ற பொருளில் ஒருவன் தன் உள்ளத்தில் சொல்லிக்கொள்வான் என்று மோசே முன்கூட்டியே காண்கிறார். நல்ல வீடுகளைக் கட்டி, ஆடுமாடுகள் பெருகி, வெள்ளியும் பொன்னும் பெருகும்போது வரும் மறதிக்கு மருந்தாகவே பெலன் யாருடையது என்று நினைவூட்டப்படுகிறது. முன்னோருக்கு ஆணையிட்ட உடன்படிக்கையை உறுதிப்படுத்தவே அந்தப் பெலன் தரப்படுகிறது என்றும் அதே வசனம் சொல்கிறது.

அந்த அதிகாரம் வனாந்தரத்தில் தேவன் தந்த உணவாகிய மன்னாவில் தொடங்குவதும் தற்செயல் அல்ல. மன்னாவைச் சேர்த்தபோது மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதியும் இல்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவும் இல்லை. ஆளுக்கு ஓர் ஓமர் அளவு. மறுநாளுக்கென்று வைத்தது புழுபிடித்தது (யாத்திராகமம் 16). செல்வத்தைப் பற்றி இஸ்ரவேல் கற்ற முதல் பாடம் சேமிக்க முடியாத உணவு.

செழிப்பைக் கொடுத்தவர் அதை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னாரா?

சொன்னார்; விவரமாகவே சொன்னார். என்னைக் கேட்டால் இந்தப் பொருளின் இருதயமே இங்குதான் இருக்கிறது, ஆனால் குறைவாகப் பிரசங்கிக்கப்படுவதும் இதுவே. லேவியராகமம் 25:23இல் தேசம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் பரதேசிகளும் புறக்குடிகளுமாய் இருக்கிறீர்கள் என்கிறார். ஆகவே நிலத்தை அறுதியாய் விற்க முடியாது. 50ஆம் வருஷமாகிய யூபிலியில் அது பழைய குடும்பத்துக்குத் திரும்பும். அதற்குள் எத்தனை விளைச்சல் மீதியிருக்கிறதோ அத்தனைக்குத்தான் விலை. சுற்றுமதில் உள்ள பட்டணத்து வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, ஒரு வருஷத்துக்குள் மீட்காவிட்டால் அது வாங்கினவனுக்கே என்பதையும் கவனிக்க வேண்டும். காப்பாற்ற நினைத்தது பிழைப்புக்கான நிலத்தை.

இதோடு சேர்ந்தவை: வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமல் விடுவது, சிந்தின கதிரைப் பொறுக்காமல் விடுவது, ஏழாம் வருஷம் நிலத்தைத் தரிசாக விடுவது, ஏழாண்டுக்கு ஒருமுறை கடனை விடுதலை செய்வது, எளிய சகோதரனிடம் வட்டி வாங்காமல் இருப்பது. ஓரத்துக்கு எவ்வளவு என்று வேதம் அளவு சொல்லவில்லை. பிற்கால யூத ஆசிரியர்களான ரபிகள் மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பில் அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்று வகுத்தார்கள். கடன் விடுதலை நெருங்கும்போது கொடுப்பவர்கள் கையை மூடிக்கொள்வார்கள் என்று உபாகமம் 15:9 எதிர்பார்த்தது, நடந்ததும் அதுதான். ஏழைகளுக்குக் கடன் கிடைக்காமல் போகவே, கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதிவாக்கில் இல்லேல் என்ற ஆசிரியர் கடன்களை நீதிமன்றத்தின் பொறுப்பில் எழுதிவைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்.

யூபிலி உண்மையில் கொண்டாடப்பட்டதா என்று உடனே கேட்பார்கள். கொண்டாடப்பட்டதாக வேதத்தின் வரலாற்று நூல்களில் ஒரு காட்சியும் இல்லை. யூதாவின் கடைசி ராஜா சிதேக்கியாவின் காலத்தில் முற்றுகைக்குப் பயந்து அடிமைகளை விடுவித்தவர்கள், ஆபத்து விலகியதும் அவர்களைத் திரும்பப் பிடித்துக்கொண்ட காட்சிதான் இருக்கிறது (எரேமியா 34).

மல்கியா 3:10இல் தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு) கொடுத்தால் வானத்தின் பலகணிகளைத் திறப்பேன் என்று தேவனே சோதிக்கச் சொல்கிறாரே?

ஆம், சொல்கிறார். அங்கே பண்டசாலை என்பது ஆலயத்தின் களஞ்சிய அறைகள். ஆலயப் பணி செய்த லேவியருக்குப் பங்கு வராததால் அவர்கள் ஆலயத்தைவிட்டுத் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போனதையும், நெகேமியா அவர்களைத் திரும்பச் சேர்த்ததையும் நெகேமியா 13:10-12இல் வாசிக்கலாம். திறக்கும் பலகணி மழைக்கானது. 11ஆம் வசனத்தில் கண்டிக்கப்படும் பட்சிப்பு பயிரை அழிக்கும் பூச்சி. முந்தைய பதிலொன்றில் சொன்ன அதே மழையும் மண்ணும்தான் இங்கேயும்.

தசமபாகம் போன இடங்களும் இன்று நினைப்பதைவிட வேறு. உபாகமம் 14இன்படி கொடுப்பவரும் அவர் வீட்டாரும் அதைக் கர்த்தரின் சந்நிதியில் புசித்துச் சந்தோஷப்பட வேண்டும். தூரம் அதிகமானால் விற்று வெள்ளியாக்கி, அங்கே போய் இஷ்டப்பட்ட மாட்டையோ ஆட்டையோ திராட்சரசத்தையோ வாங்கலாம். மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் ஊர்வாசலில் லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை ஆகியோருக்கு. மல்கியாவின் அதே அதிகாரத்தில் ஐந்து வசனங்கள் முன்னால் (3:5), கூலிக்காரனின் கூலியை அபகரிப்பவர்களுக்கும் விதவைகளையும் திக்கற்றவர்களையும் ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாகத் தீவிரமான சாட்சியாய் வருவேன் என்கிறார். கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு தசமபாகம் செலுத்துபவருக்குப் பத்தாம் வசனம் பொருந்துமா என்பதை ஐந்தாம் வசனமே தீர்மானிக்கிறது.

சாலொமோன் ஞானத்தைக் கேட்டான், தேவன் ஐசுவரியத்தையும் சேர்த்துக் கொடுத்தார். அதுதானே உடன்படிக்கைச் செழிப்பின் உச்சம்?

1 இராஜாக்கள் 3:13 அப்படித்தான் சொல்கிறது. ஆனால் உபாகமம் 17:16-17இல் ராஜா செய்யக்கூடாதவை என்று மூன்று இருக்கின்றன: எகிப்திலிருந்து குதிரைகளைப் பெருக்குவது, மனைவிகளைப் பெருக்குவது, வெள்ளியையும் பொன்னையும் மிகுதியாய்ச் சேர்ப்பது. அதைக் கையில் வைத்துக்கொண்டு 1 இராஜாக்கள் 10, 11 அதிகாரங்களை வாசியுங்கள். ஒரு வருஷத்தில் 666 தாலந்து பொன். எகிப்திலிருந்து ஒரு குதிரை 150 சேக்கலுக்கு. ஆயிரம் மனைவியரும் மறுமனையாட்டிகளும். பட்டியலில் விடுபட்டது எதுவும் இல்லை.

அந்தச் செழிப்புக்கு விலை கொடுத்தவர்களும் கதையில் இருக்கிறார்கள். 12 மணியகாரர்கள் மாதத்துக்கு ஒருவராக அரண்மனைக்கு உணவு சேர்த்தார்கள். 30,000 பேர் கட்டாய வேலைக்குப் பிடிக்கப்பட்டார்கள். கர்த்தருடைய ஆலயம் 7 ஆண்டிலும் ராஜாவின் அரண்மனை 13 ஆண்டிலும் கட்டப்பட்டன. கலிலேயாவில் 20 ஊர்கள் தீருவின் ராஜா ஈராமுக்குப் போயின. சாலொமோன் மரித்ததும் மக்கள் அவர் மகன் ரெகொபெயாமிடம் கேட்ட ஒரே விஷயம், உம்முடைய தகப்பன் வைத்த பாரமான நுகத்தை லகுவாக்கும் என்பதே. அவன் மறுத்தான், நாடு இரண்டாகப் பிளந்தது.

உடன்படிக்கையை மீறுகிறவர்கள்தான் நன்றாக இருக்கிறார்கள். இதை வேதம் கவனிக்கவே இல்லையா?

கவனித்தது மட்டுமல்ல, தேவனிடமே வழக்காடியது. ஆகாதவர்களின் வழி வாய்ப்பது ஏன் என்று எரேமியா 12:1 கேட்கிறது; யோபு 21ஆம் அதிகாரமும் சங்கீதம் 73உம் முழுமையாக இதே கேள்வியைப் பேசுகின்றன.

வரலாற்றிலும் அப்படி ஒரு காலம் இருந்தது. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் இரண்டாம் யெரொபெயாமின் ஆட்சியில் வடக்கு இஸ்ரவேலின் எல்லைகள் விரிந்தன. சமாரியாவின் செல்வந்தர்கள் வளமாக வாழ்ந்தார்கள். அங்கே 1910இல் கிடைத்த எழுத்துள்ள மண்பாண்டத் துண்டுகள் எண்ணெயும் திராட்சரசமும் தலைநகருக்கு வந்ததைக் குறிக்கின்றன. பின்னர் நடந்த அகழாய்வுகளில் தந்தச் செதுக்கல்களும் ஏராளமாகக் கிடைத்தன. அந்தத் தந்தக் கட்டில்களைத்தான் ஆமோஸ் 6:4 சாடுகிறது. நீதிமானை வெள்ளிக்கும் எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கும் விற்றார்கள் என்பது தீர்க்கதரிசி ஆமோஸ் வைத்த குற்றச்சாட்டு. உபாகமத்தின் ஆசீர்வாதம் எங்களுக்குக் கிடைத்துவிட்டது என்று அந்தச் செல்வந்தர்கள் நம்பியிருக்கக்கூடும். ஆமோஸின் கண்ணுக்கு அதே களஞ்சியம் உடன்படிக்கை மீறலின் தடயப்பொருளாகப் பட்டது. கி.மு. 722இல் சமாரியா வீழ்ந்தது.

வேறு தெய்வங்களை வணங்குகிறவர்களும் செழிக்கிறார்களே. செழிப்பு எதற்கு அத்தாட்சி?

இதே வாதத்தை எரேமியாவின் முகத்துக்கு நேராகவே வைத்தவர்கள் உண்டு. எருசலேம் அழிந்தபின் எகிப்துக்குப் போன யூதர்கள், வானராக்கினி என்ற பெண் தெய்வத்துக்குத் தூபங்காட்டிய நாட்களில் அப்பத்தால் திருப்தியாய் இருந்தோம், ஒரு பொல்லாப்பையும் காணவில்லை, அதை நிறுத்தியது முதல் எல்லாம் குறைவுபட்டது என்றார்கள் (எரேமியா 44:17-18). செழிப்பை வைத்துத் தெய்வத்தை அளப்பவர்களிடம் இதற்குப் பதில் இருக்காது. எரேமியா அதே சம்பவங்களை வேறுவிதமாக விளக்கினார். ஆனால் கையிலிருக்கும் அப்பத்தை அத்தாட்சியாக அவர் ஏற்கவில்லை.

அப்படியானால் வறுமை சாபம்தானே? உபாகமம் 28இல் அப்படித்தானே இருக்கிறது?

மீறிய ஒரு தேசத்தின்மேல் வரும் பஞ்சத்தையும் கடனையும் உபாகமம் 28 சாபமாகச் சொல்கிறது. அதை ஒரு தனி ஏழையின் வீட்டு வாசலில் ஒட்டுவதற்கு வேதம் எங்கும் அனுமதி தரவில்லை. 2 இராஜாக்கள் 4:1இல் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் கடனோடு மரித்திருக்கிறார். அவர் கர்த்தருக்குப் பயந்து நடந்தவர் என்று தீர்க்கதரிசி எலிசாவிடம் அவர் மனைவி சொல்கிறார். கடன் கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்க வந்து நிற்கிறான். எலிசா அந்த விதவையிடம் உன் புருஷன் செய்த பாவம் என்ன என்று கேட்கவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

யோபு எல்லாவற்றையும் இரண்டு மடங்காகத் திரும்பப் பெற்றானே. பொறுத்திருந்தால் நமக்கும் இரட்டிப்பு உண்டுதானே?

ஆடுகள் 7,000 இருந்தவை 14,000 ஆயின, ஒட்டகங்கள் 3,000 இருந்தவை 6,000 ஆயின என்பது உண்மை. ஆனால் "யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான்?" என்று சாத்தான் முதல் அதிகாரத்தில் கேட்ட கேள்வியிலிருந்தே புத்தகம் நகர்கிறது. இரட்டிப்புக்காகப் பொறுத்திருப்பது சாத்தானின் சந்தேகத்தை மெய்யாக்குவதாகும். பாவம் செய்தவன் இழப்பான், மனந்திரும்பினவன் பெறுவான் என்ற சூத்திரத்தைப் பல அதிகாரங்களில் பேசியவர்கள் அவருடைய நண்பர்கள்; அவர்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று 42:7இல் தேவனே தீர்ப்பளிக்கிறார். யோபுவுக்கு அந்த ஈவு வரும் என்ற வாக்கு எதுவும் முன்னால் தரப்படவில்லை. பிள்ளைகள் இரட்டிப்பாகவில்லை என்பதையும், இறந்த பத்துப் பேர் திரும்பி வரவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

"நீதிமான் கைவிடப்பட்டதையும், அவன் சந்ததி அப்பத்துக்கு இரந்து திரிகிறதையும் நான் காணவில்லை" என்று சங்கீதம் 37:25 சொல்கிறது. நான் கண்டிருக்கிறேனே?

வேதமும் கண்டிருக்கிறது. எருசலேம் வீழ்ந்தபின் எழுந்த புலம்பல் 4:4இல் குழந்தைகள் அப்பம் கேட்கிறார்கள், அவர்களுக்குக் கொடுப்பாரில்லை. முதியவர் ஒருவர் தன் ஊரில், தன் காலத்தில் கண்டதைச் சாட்சியாகச் சொல்வது சங்கீதம். அடுத்த வசனத்திலேயே அந்த நீதிமான் நித்தம் இரங்கிக் கடன் கொடுக்கிறவனாய் இருக்கிறான். அப்படிப்பட்டவர்கள் நிறைந்த ஊரில் பிள்ளைகள் இரந்து திரிய வேண்டியிருக்காது. ஓட்டம் வேகமுள்ளவனுக்கும், செல்வம் அறிவுள்ளவனுக்கும் உறுதியில்லை என்று பிரசங்கி 9:11 சொல்வதும் அதே வேதத்தில் இருக்கிறது. ஒன்றை வைத்து மற்றதை அழிக்க வேண்டாம்.

எரேமியா 29:11 வசனம் நமக்கான நல்ல எதிர்காலத்தைப் பற்றியதுதானே?

கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தின் வரி அது. இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பும் என்று அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி முந்தின அதிகாரத்தில் சொல்லியிருந்தான். எரேமியா 70 வருஷம் என்றார். கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் அந்த நல்ல முடிவைக் காணாமல் பாபிலோனிலேயே மரித்திருப்பார்கள். அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்பதே அவர்களுக்குக் கிடைத்த கட்டளை.

கலாத்தியர் 3:14இன்படி ஆபிரகாமின் ஆசீர்வாதம் கிறிஸ்தவர்களுக்கு உண்டு என்றால் அவருடைய ஐசுவரியமும் உண்டுதானே?

கலாத்தியர் நிருபம் எபிரேய வேதத்துக்கு வெளியே இருந்தாலும் இக்கேள்வி வராத வகுப்பு இல்லை. அந்த வசனம் தன்னையே விளக்கிக்கொள்கிறது: புறஜாதியாருக்கு வரும் அந்த ஆசீர்வாதத்தை விசுவாசத்தினால் பெறும் ஆவியைக் குறித்த வாக்குத்தத்தத்தோடு பவுல் இணைக்கிறார். மந்தைகளையோ வெள்ளியையோ அவர் குறிப்பிடவில்லை. ஆபிரகாமுக்குச் சொல்லப்பட்டதும் முதன்மையாக அவையல்ல என்பதை இரண்டாம் பதிலில் பார்த்தோம்.

அப்படியானால் செழிப்புக்காக ஜெபிக்கவே கூடாதா?

தாராளமாக ஜெபிக்கலாம், வேதத்தில் அப்படிப்பட்ட ஜெபங்கள் பல உண்டு. உண்ண ஆகாரமும் உடுக்க வஸ்திரமும் கேட்டார் யாக்கோபு. எல்லையைப் பெரிதாக்கும் என்று கேட்டார் யாபேஸ். கேட்டது கிடைத்தது என்பதோடு அவருடைய கதை இரண்டு வசனங்களில் முடிந்துவிடுவதால், அதிலிருந்து ஒரு முறைமையையே உருவாக்குவதுதான் கடினம். தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிரும், என் படியை எனக்கு அளந்து போஷித்தருளும் என்று கேட்டார் நீதிமொழிகள் 30இல் ஆகூர்.

ஆசீர்வாதத்தைக் கேட்பதற்கென்றே சட்டத்தில் எழுதித் தரப்பட்ட ஜெபம் ஒன்று உண்டு. அது உபாகமம் 26:12-15இல் இருக்கிறது. மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தைக் கொடுத்து முடித்த விவசாயி கர்த்தருக்கு முன்பாக முதலில் ஒரு கணக்கை ஒப்புவிக்க வேண்டும்: பரிசுத்தமான பொருளை என் வீட்டிலிருந்து எடுத்துவந்து லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் கொடுத்தேன், உமது கட்டளையை மீறவும் மறக்கவும் இல்லை. இதைச் சொல்லி முடித்த பிறகுதான், உமது பரிசுத்த வாசஸ்தலமாகிய பரலோகத்திலிருந்து நோக்கிப் பார்த்து ஆசீர்வதியும் என்று அவன் கேட்கிறான். அங்கேயும் அவன் தன் பெயரையோ தன் வயலையோ சொல்வதில்லை. உமது ஜனங்களாகிய இஸ்ரவேலையும் நீர் எங்களுக்குக் கொடுத்த தேசத்தையும் என்றே கேட்கிறான்.